உறுதியான செய்தி

தொலைபேசியை வைத்த பிறகும் தெல்மோ அவுக்கில்லா அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது மறுபடியும் அடித்துவிடும் என்று தோன்றியது.

மணி காலை ஏழு பத்து. சுக்கிபாம்பா மறைமாவட்டத்தின் ஆயர், ஆயர்கள் கூட்டத்துக்காகக் கீத்தோ நகரம் போனவர், அங்கே தங்கை வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். சொன்னது அவரோடு கூடப் போயிருந்த செயலர் குரு.

“முதன்மைக்குருகிட்ட உடனே சொல்லிடுங்க தெல்மோ. வேந்தர் நீங்கதான் முறைப்படி சொல்லணும். அப்புறம் மணி அடிக்கச் சொல்லுங்க.”

“சொல்றேன் சாமி.”

“உடனே.”

“உடனே சாமி.”

வேந்தர் என்றால் கிரீடம் எதுவும் கிடையாது. மறைமாவட்ட அலுவலகத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குத் திருச்சபையில் அப்படி ஒரு பெயர். தெல்மோவிடம் இருந்தவை ஓர் அலமாரிச் சாவி, ஒரு ரப்பர் முத்திரை, இருபத்திரண்டு வருஷத்து இடுப்புவலி.

அவர் அழுதார். இறந்தவர் பதினாறு வருஷமாக தினமும் காலையில், “வயிற்றெரிச்சல் எப்படி இருக்கு தெல்மோ?” என்று கேட்டவர். பதிலை நின்று கேட்டவரும் அவர் ஒருவர்தான். அழுது முடித்து, கைக்குட்டை எடுக்க இழுப்பறையைத் திறந்தார். கைக்குட்டைக்குக் கீழே யாதிராவின் கல்யாணக் காகிதம் இருந்தது.

யாதிரா அவருடைய ஒரே மகள். கல்யாணம் சனிக்கிழமை. இன்று வியாழன். மாப்பிள்ளை வில்மெர் நல்ல பையன், குடிக்க மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான். குறை ஒன்றே ஒன்று. அவன் சுவிசேஷ சபைக்காரன், அதிலும் சபையில் கிதார் வாசிக்கிறவன். கத்தோலிக்கப் பெண் அவனைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொள்ள மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். அதை ஆயர் கொடுக்கலாம். அவருக்கு அடுத்த இடத்திலிருக்கும் முதன்மைக்குருவும் கொடுக்கலாம்.

முதன்மைக்குரு எரிபெர்த்தோ சாமி இரண்டு மாதத்துக்கு முன்பே, “கொண்டா, போடறேன்” என்றார். தெல்மோதான் கொண்டுபோகவில்லை. ஆயர் இல்லத்து வேந்தரின் மகளுக்கு ஆயரே கையெழுத்துப் போட வேண்டும், அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துச் சம்பந்தி வீட்டார் கண்ணில் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. ஆயரும், “வந்ததும் முதல் வேலை உன் மக வேலைதான்” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

இனி அவர் வரப்போவதில்லை. ஆயர் போனால் முதன்மைக்குருவின் பதவியும் கூடவே போய்விடும். எட்டு நாளுக்குள் ஆலோசகர் குழுவின் குருக்கள் கூடி ஓர் இடைக்கால நிர்வாகியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதுவரை அந்தக் குழுதான் மறைமாவட்டத்தை ஆளும். குழுவுக்குத் தலைவர், அவர்களில் முதலில் குருப்பட்டம் வாங்கியவர். அதாவது அனஸ்தாசியோ சாமி. வயது எண்பத்திரண்டு.

இதே அனுமதியைப் பற்றி அனஸ்தாசியோ சாமி போன மாதம் தெல்மோவிடம் சொன்னது: “கிதாரைத் தூக்கிட்டு வர்றவனுக்கெல்லாம் கதவைத் தெறக்க இது என்ன சத்திரமா? என் கைக்கு வந்தா கிழிச்சுப் போடுவேன்.”

யாதிரா போன வாரம் அம்மாவிடம் சொன்னது: “சனிக்கிழமைக்குள்ள கடுதாசி வரலேன்னா வில்மெரோட சபையில கட்டிக்கிறோம். அப்பா வர்றதும் வராததும் அவர் இஷ்டம்.”

மனைவி சொன்னது: “சனிக்கிழமை உங்க சட்டையத் தேச்சு வச்சுடறேன். எங்க போறதுக்குன்னு மட்டும் சொல்லிடுங்க.”

மகளின் கல்யாணத்தன்று தேய்த்த சட்டையோடு தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை தெல்மோ மனக்கண்ணில் பார்த்தார். அந்த ஆள் அவரேதான்.

அப்போதுதான் சட்டம் நினைவுக்கு வந்தது. திருச்சபைச் சட்டத்தை எழுதியவர்கள் செய்தி குதிரையில் போன காலத்தை மறக்காதவர்கள். ஆயர் இறந்த செய்தி உறுதியாகத் தெரியவரும்வரை முதன்மைக்குரு செய்ததெல்லாம் செல்லும் என்று எழுதி வைத்திருந்தார்கள். எரிபெர்த்தோ சாமிக்குத் தெரியாதவரை அவர் போடும் கையெழுத்துக்கு உயிர் உண்டு. அவருக்குத் தெரிவிக்க வேண்டிய ஆள் தெல்மோ.

பத்து நிமிடம் போதும். பொய் சொல்லப்போவதில்லை, கோப்புகளின் வரிசையைக் கொஞ்சம் மாற்றுகிறோம், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆயரின் பெயர் இருந்த இடத்தில் முதன்மைக்குருவின் பெயரைப் போட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்தார்.

சமையல்கார ஸொய்லா காப்பியோடு வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

“கண்ணு என்னக்கா இப்படி?”

“வெங்காயம்.”

“ஏழரை மணிக்கேவா?”

“லோக்ரோ சூப்பு வைக்கிறேன். பெரிய சட்டியில.” அவள் கோப்பையை வைத்தாள். “போன்ல யாரு?”

“மின்சார ஆபீஸ். கம்பம் மாத்தறாங்களாம்.”

“உங்க கண்ணும் செவந்திருக்கு.”

“தூசி.”

ஸொய்லா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

“இன்னிக்கு அடுக்களையில ரேடியோ பாடலியே அக்கா?”

“பேட்டரி தீந்துபோச்சு.”

தெல்மோ மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னார். உடனே, இந்த விஷயத்தில் கடவுளை இழுப்பது சரியா என்று ஒரு சந்தேகம் வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எரிபெர்த்தோ சாமி பேச்சில் கஞ்சன். அவருடைய மறையுரை மூன்று நிமிடத்தில் முடியும் என்பதற்காகவே பக்கத்துப் பங்குகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். தெல்மோ நீட்டுவதை வாங்குவார், கையெழுத்துப் போடுவார், திருப்பிக் கொடுப்பார். அதில் ஒரு சொல்லும் இருக்காது.

தெல்மோ கதவைத் தள்ளினார். “சாமி, ஒரு முக்கியமான—”

“தெல்மோ, கினிப்பன்றி குட்டி போட்டிருக்கு.”

“சந்தோஷம் சாமி. நான் வந்தது—”

“நாலு குட்டி. மூணு பழுப்பு, ஒண்ணு வெள்ளை. வெள்ளைதான் கொஞ்சம் சோப்ளாங்கி. பால் குடிக்கத் தெரியல. நீ வளத்திருக்கியா?”

“இல்ல சாமி. இந்தத் தாள்ல—”

“வளத்துப் பாரு. புல்லு ஈரமா இருக்கக்கூடாது. ஈரமா இருந்தா வயிறு ஊதிடும். எங்க அப்பாரு வீட்டுல அப்படித்தான் ஒரே வாரத்துல முப்பது போச்சு. அப்புறம் என் முட்டி. மழை வர்றதுக்கு முந்தின நாளே சொல்லிடும். இடது முட்டி. வலதுக்கு அந்த அறிவு கிடையாது.”

ஒரு மணி நேரம் கழித்து, ஒரு வாக்கியத்தையும் முடிக்காமல் தெல்மோ வெளியே வந்தார். பதினாறு வருஷத்தில் அந்த மனிதர் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. பார்த்துப் பார்த்து இன்றைக்கா நாக்கு அவிழ வேண்டும் என்று எரிச்சல் வந்தது.

தப்பு தன்மேல்தான் என்று யோசித்தபோது தெரிந்தது. இழவு வீட்டு முகத்தோடு ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டு ‘முக்கியமான’ என்று ஆரம்பித்தால் யாருக்கும் பேச்சை மாற்றத்தான் தோன்றும். விஷயம் சாதாரணமாகத் தெரிய வேண்டும். மேசையில் சேர்ந்து கிடந்த வேறு பதின்மூன்று தாள்களை அள்ளிக் கையெழுத்துக் கோப்பில் வைத்தார். யாதிராவின் தாளைப் பதினான்காவதாக எல்லாவற்றுக்கும் அடியில் செருகினார். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி போனார்.

“கையெழுத்துக் கோப்பா?” எரிபெர்த்தோ சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படிச் சொல்ல வேண்டியதுதானே. கொண்டா, கொண்டா.”

அவர் தாள்களைப் புரட்டினார். “கல்லறைத் தோட்டத்து வேலி. சரி. கோயில் கூரை. சரி. சூசையப்பர் சிலைக்கு வர்ணம். இது இப்ப அவசியமா? சரி, இருக்கட்டும்.” மூன்று கையெழுத்து விழுந்தது. இன்னும் பதினொன்று. நான்காவது தாளை எடுக்கும்போது மேசைத் தொலைபேசி அடித்தது.

தெல்மோ மேசை மேல் பாய்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எடுத்தார், “தவறான எண்” என்றார், வைத்தார், சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கினார். செய்துவிட்டுத்தான் இதற்கு என்ன காரணம் சொல்வது என்று யோசித்தார்.

“நல்லது பண்ணினே,” என்றார் எரிபெர்த்தோ சாமி. “காலையிலேருந்து அது ஒரே தொல்லை.”

தெல்மோ மூச்சு விட்டார். விட்ட மூச்சை இழுப்பதற்குள் ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. கோயில் பணியாள் நிகனோர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மணிக்கூண்டுச் சாவியோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தான்.

“ஒரு நிமிஷம் சாமி, வயிறு சரியில்ல,” என்று சொல்லிவிட்டு தெல்மோ ஓடினார்.

மணிக்கூண்டு வாசலில் நிகனோரின் கையைப் பிடித்தார்.

“ரேடியோவுல சொல்லிட்டாங்க,” என்றான் நிகனோர். “சாவு மணி அடிக்க வேணாமா?”

“முதன்மைக்குரு சொல்லாம எப்படி அடிப்பே?”

“அவரு சொல்லலியா?”

“அவருக்கே இன்னும் தெரியாது. நெஞ்சு கொஞ்சம் பலவீனம் இல்லையா, திடுதிப்புன்னு சொல்லக்கூடாது. மெதுமெதுவாச் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“நெஞ்சா? பாவமே. ரொம்பவா?”

“லேசா.”

“எதுவரைக்கும் சொல்லியிருக்கீங்க?”

“கினிப்பன்றி வரைக்கும்.”

நிகனோருக்கு அது புரியவில்லை, ஆனால் மரியாதையாகத் தலையாட்டினான். “நீங்க போங்க வேந்தரே. ஒருத்தரையும் உள்ள விடாம நான் வாசல்ல நின்னுக்கிறேன்.”

நிகனோர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். வாசலில் நின்றான், ஒருவரையும் உள்ளே விடவில்லை, ஏன் விடவில்லை என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னான். வாசலில் ‘லேசா’ என்று இருந்தது சதுக்கத்துக்குப் போனபோது நெஞ்சுவலி ஆயிற்று. சந்தைக்குப் போனபோது முதன்மைக்குரு விழுந்து கிடந்தார். ஜெபமாலைச் சங்கத்துப் பெண்கள், ஒரே நாளில் ஆயரும் முதன்மைக்குருவுமா என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு மெழுகுவர்த்தி வாங்கப் போனார்கள்.

இது எதுவும் தெரியாமல் தெல்மோ அறைக்குத் திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது. மேசையும் காலி.

“தோட்டத்துக்குப் போயிட்டாரு,” என்றாள் ஸொய்லா, நடையைக் கூட்டிக்கொண்டே. “வாசல்ல கூட்டம் சேருதான்னு எட்டிப் பாத்தாரு. பாத்துட்டு, குட்டிக்குப் புல்லு போடணும்னு பின்பக்கமாப் போயிட்டாரு.”

“கோப்பு எங்கக்கா?”

“கக்கத்துல.”

“புல்லு போடறதுக்குக் கோப்பு எதுக்கு?”

“அத அவருகிட்டதான் கேக்கணும்,” என்று ஸொய்லா ஏற்கெனவே கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள்.

தெல்மோ பின்கட்டை நோக்கி இரண்டடி வைப்பதற்குள் முன்வாசல் கதவு திறந்தது. நிகனோர் ஊரையே தடுத்து நிறுத்திவிட்டான். ஆனால் அனஸ்தாசியோ சாமியை நிறுத்த அவனுக்குத் தைரியம் வரவில்லை. கழுத்தில் ஊதாத் தோள்துண்டும் கையில் வெள்ளி எண்ணெய்ச் சிமிழுமாக அவர் நடையில் வந்து நின்றார்.

“எங்கே எரிபெர்த்தோ? உயிர் போறதுக்குள்ள பூசணும்.”

“யாருக்கு சாமி?”

“விழுந்துட்டாருன்னு ஊரே சொல்லுது. நீ யாருக்குங்கறே?”

“அவருக்கு ஒண்ணுமில்ல சாமி. நல்லாத்தான் இருக்காரு.”

“நல்லா இருந்தா கூப்பிடு. பிஷப் போன செய்தியை நானே சொல்லி, இந்த வீட்டுப் பொறுப்பைக் கையில எடுத்துக்கிறேன். மணி ஒம்போதரை ஆச்சு, இன்னும் ஒரு மணிகூட அடிக்கல. என்ன நிர்வாகம் இது?”

எரிபெர்த்தோ சாமி நன்றாக இருந்தால் கல்யாணம் நின்றது. சாகக் கிடந்தால் ஒருவேளை நடக்கலாம். தெல்மோ தகப்பன்.

“நல்லா இருக்காருன்னு சொன்னது நீங்க பயந்துடக்கூடாதேன்னு சாமி,” என்றார். “கொஞ்சம் மோசம்தான். இருங்க, தயார்ப்படுத்திட்டுக் கூப்பிடறேன்.”

தோட்டத்தில் எரிபெர்த்தோ சாமி கினிப்பன்றிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேனாவைத் தேடிச் சட்டைப்பையைத் தட்டினார். பேனா மேசையிலேயே தங்கிவிட்டது போலிருந்தது. தெல்மோ மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்ததும், “வெள்ளைக் குட்டி பால் குடிச்சிருச்சு தெல்மோ,” என்று ஆரம்பித்தார்.

“சாமி, கொஞ்சம் படுத்துக்குங்க.”

“எதுக்கு?”

“அனஸ்தாசியோ சாமி எண்ணெயோட வர்றாரு. நோயில் பூசுதல் குடுக்க. உங்களுக்கு நெஞ்சுவலின்னு யாரோ கெளப்பி விட்டுட்டாங்க.” யார் என்பதை தெல்மோ சொல்லவில்லை. “இல்லேன்னு சொன்னா சண்டைக்கு வருவாரு. அவரைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே.”

எரிபெர்த்தோ சாமி யோசித்தார். “எண்ணெய் மட்டும்தானே? வேற ஒண்ணுமில்லையே?”

“வேற ஒண்ணுமில்ல சாமி.”

“அப்ப சரி.” அவர் அவகாதோ மரத்தடியில் கிடந்த பிரம்பு நாற்காலிக்குப் போய், கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காலை நீட்டிச் சாய்ந்தார். எதிர்ப்பேச்சு பேசுவார் என்று பயந்திருந்த தெல்மோவுக்கு இது பேரதிசயமாக இருந்தது.

கூப்பிடும் வரை காத்திருக்கிற வழக்கம் அனஸ்தாசியோ சாமிக்கு இல்லை. பின்கட்டைத் தாண்டி வந்துவிட்டார். “எரிபெர்த்தோ, மனசைத் திடப்படுத்திக்க. நம்ம பிஷப்பு—”

“ஆ,” என்று முனகினார் எரிபெர்த்தோ சாமி. “சாகக் கெடக்கறவன்கிட்ட ஊர்ச்சேதி எதுக்கு அனஸ்தாசியோ? எண்ணெயப் பூசு.”

“எங்க வலி?”

“முட்டி.”

“முட்டியா? நெஞ்சுன்னாங்களே.”

“எழுபத்தோரு வயசாச்சு. எது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு யாரு கண்டா? வயசாகித் தளந்தவங்களுக்கும் பூசலாம்னு இருக்கா இல்லையா?”

“இருக்கு,” என்றார் அனஸ்தாசியோ சாமி. சட்டத்தில் இருப்பதை இல்லையென்று அவரால் சொல்ல முடியாது. சிமிழைத் திறந்தார்.

அவர் ஒரு சடங்கை ஆரம்பித்துவிட்டால் ஆமென் வரும்வரை வேறு பேச்சு கிடையாது. பாஸ்காத் திருப்பலியில் இருமிய மேயரை வெளியே போய் இருமிவிட்டு வரச் சொன்னவர். அது எரிபெர்த்தோ சாமிக்கும் தெரியும். “மன்றாட்டுமாலையோட ஆரம்பி,” என்றார். “பெரிசு. புனிதர்கள் ஒருத்தரையும் விட்டுடாதே.”

“புனித மிக்கேலே,” என்றார் அனஸ்தாசியோ சாமி.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,” என்றார்கள் தோட்டச் சுவருக்கு வெளியே நின்ற ஜெபமாலைச் சங்கத்துப் பெண்கள். அவர்கள் மெழுகுவர்த்தியோடு வந்து சேர்ந்திருந்தார்கள்.

மன்றாட்டு போய்க்கொண்டிருந்தபோது எரிபெர்த்தோ சாமி கோப்பைத் திறந்தார். “பாதியில விட்ட வேலையோட போகக்கூடாது,” என்று முணுமுணுத்தார். தெல்மோ பேனாவை நீட்டினார். நான்காவது தாள், ஐந்தாவது தாள். தெல்மோ மிச்சத் தாள்களை எண்ணினார். வேதசாட்சிகள் முடிந்து கன்னியர் ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வேகத்தில் போனால் பதினான்காவது தாள் வருவதற்குள் சொர்க்கம் காலியாகிவிடும்.

“கடைசியிலேருந்து பாப்போம்,” என்றார் எரிபெர்த்தோ சாமி திடீரென்று, கோப்பை அப்படியே குப்புறத் திருப்பினார்.

அதே சமயம் மன்றாட்டு முடிந்தது. அனஸ்தாசியோ சாமி கட்டைவிரலை எண்ணெயில் தோய்த்து நெற்றியில் பூசினார். நெற்றிக்கு அடுத்தது கைகள். உள்ளங்கையில் எண்ணெய் ஏறினால் பேனா வழுக்கும், மை இழுபடும், தாள் பாழ். இன்னொரு தாள் அடிக்க நேரமில்லை.

“வலது கை,” என்றார் அனஸ்தாசியோ சாமி.

எரிபெர்த்தோ சாமி பேனாவை இறுக்கிப் பிடித்தபடி, விரித்த கையை நீட்டாமல், மூடிய கையைக் கவிழ்த்து நீட்டினார்.

“உள்ளங்கையைக் காட்டறதுதானே,” என்று கிசுகிசுத்தான் நிகனோர், வேடிக்கை பார்க்க வந்தவன்.

அனஸ்தாசியோ சாமிக்குச் சடங்கு நடுவில் கோபம் வந்தது. “குருக்களோட உள்ளங்கையில பட்டம் குடுக்கறப்பவே எண்ணெய் பூசியாச்சு. அவங்களுக்குப் புறங்கையிலதான் பூசணும். அதுதான் எங்க காலத்து முறை. தெரியலேன்னா வாயை மூடு,” என்று சொல்லி, புறங்கையில் தாராளமாகப் பூசினார்.

அந்தக் கையாலேயே எரிபெர்த்தோ சாமி பதினான்காவது தாளில் கையெழுத்துப் போட்டார். “மணி என்ன தெல்மோ?”

“ஒம்போது அம்பத்தி ரெண்டு.”

நேரத்தையும் எழுதினார். தெல்மோ பையிலிருந்து முத்திரையை எடுத்துக் கினிப்பன்றிக் கூண்டின் மூடிமேல் தாளை வைத்துக் குத்தினார். உள்ளே நாலு குட்டிகளும் மூலைக்கு ஓடின. தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் பரவியிருந்தது. அது பரவாயில்லை.

“ஆமென்,” என்றார் அனஸ்தாசியோ சாமி.

சுவருக்கு வெளியே பெண்கள் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் தெல்மோ பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். இதற்கு மேல் ஒரு நிமிடமும் அவரால் தாங்க முடியவில்லை.

“சாமி, நம்ம பிஷப்பு இறந்துட்டாரு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு. தூக்கத்துலயே. வேந்தர்ங்கற முறையில உங்களுக்குத் தெரியப்படுத்தறேன்.”

எரிபெர்த்தோ சாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. இறந்தவரும் அவரும் குருமடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், நாற்பத்தெட்டு வருஷச் சிநேகிதம். அவர் அழுத அழுகை ரொம்ப நேரம் அடக்கிவைத்திருந்தது போலப் பெரிதாக வந்தது. தெல்மோவும் அழுதார். அனஸ்தாசியோ சாமியே மூக்கை உறிஞ்சினார்.

நிகனோர் யாரையும் கேட்காமல் போய் மணியை அடிக்க ஆரம்பித்தான்.

அனஸ்தாசியோ சாமிதான் முதலில் தேறினார். கூண்டின் மேலிருந்த தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். யாதிரா, வில்மெர், அனுமதி, தேதி, நேரம்.

“பிஷப் போனது அஞ்சு மணிக்கு.”

“ஆமா சாமி,” என்றார் தெல்மோ.

“இது ஒம்போது அம்பத்திரெண்டு.”

“ஆமா சாமி.”

“நீ இவருக்குச் செய்தி சொன்னது?”

“இப்பத்தான். நீங்களே பாத்தீங்க.”

அனஸ்தாசியோ சாமி தாளை மறுபடி படித்தார். கிழிக்கப்போகிறார் என்று தெல்மோ கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அந்தக் கிழவருக்குக் கிதாரின் மேல் இருந்த வெறுப்பைவிடச் சட்டத்தின் மேல் இருந்த பக்தி ஒரு பிடி அதிகம்.

“நான் சொல்ல வந்தப்பக்கூட இவருக்குத் தெரியல,” என்றார், பல்வலிக்காரர் போல முகத்தை வைத்துக்கொண்டு. “நானே சாட்சி. செல்லும்.” தாளை நீட்டினார். “கிதார் மட்டும் கோயில் படியேறக்கூடாது.”

“ஏறாது சாமி.”

பத்தரை மணிக்கு தெல்மோ அடுக்களைக்கு வந்து உட்கார்ந்தார். தாள் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. சனிக்கிழமை தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நெஞ்சில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. ஸொய்லா பெரிய சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் லோக்ரோ ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“எனக்கு இறங்காது அக்கா. பெரிய பாவம் பண்ணிட்டேன்.”

“என்ன பண்ணினீங்க?”

“கம்பம் மாத்தறாங்கன்னு சொன்னேனே, அது பொய். ஏழு பத்துக்கே எனக்குச் செய்தி வந்துடுச்சு. எம்மக கடுதாசிக்காக மறைச்சேன். ஒரு நல்ல மனுஷனை, உசிருக்குசிரான சிநேகிதன் செத்தது தெரியாம, குட்டிக்குப் புல்லு போட வச்சேன். சாகாத மனுஷனுக்கு எண்ணெய் பூச வச்சேன். அவரு பாட்டுக்கு ஒண்ணும் தெரியாத கொழந்தையாட்டம் கையெழுத்துப் போடறாரு. இத நான் அவருகிட்டயே பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும். எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?”

ஸொய்லா எதிரில் உட்கார்ந்து, இடுப்பில் கட்டிய சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

“சூப்பைக் குடிங்க தெல்மோ, ஆறிப்போகுது. பிஷப்போட தங்கச்சி ஆறு மணிக்கே இந்த அடுக்களை போனுக்குக் கூப்பிட்டுட்டா. அழுதுக்கிட்டே எரிபெர்த்தோ சாமி ரூமுக்கு ஓடினேன். ‘சாமி, நம்ம பிஷப்பு’ன்னு வாயெடுத்தேன், எழுந்து வந்து என் வாயைப் பொத்திட்டாரு. ‘தெல்மோ மக கடுதாசி என் கைக்கு வந்ததுக்கப்புறம் மிச்சத்தைச் சொல்லு ஸொய்லா’ன்னாரு.”